தில்லைநாயகி வைத்த வெள்ளிக்கிழமைக் கறி

1963ஆம் ஆண்டு, தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. பிற்பகல் மூன்றரை மணி.

திருகோணமலை உட்துறைமுகத்து இறங்குதுறையில் கட்டியிருந்த லோஞ்சுப் படகுக்குள் அதன் எஞ்சின் ட்றைவர் டொமினிக் செத்துக் கிடந்தான்.

முதலில் கண்டவர் அலியார். அதே லோஞ்சில் கயிறு பிடிக்கிற மூதூர்க்காரர்.

"எழும்பு மச்சான், சீனன்குடாவுக்கு ஆள் நிக்குது" என்று காலைத் தட்டினார். டொமினிக் எழும்பவில்லை. கண் திறந்தே இருந்தது. வலது கையில் ஒரு துணி லேஞ்சி சுற்றியிருந்தது. தலைமாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சல், கட்டு அவிழாமல் இருந்தது.

மரண விசாரணை மறுநாட் காலை நடந்தது. விசாரணை அதிகாரி வெயிலிலும் கோட்டுப் போடுகிறவர். தன் தீர்ப்பைச் செத்தவர் எவரும் இதுவரை மறுத்துப் பேசியதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிமிர்வு உண்டு.

அலியார் சாட்சி சொன்னார்.

"காலையில பத்து மணி போல கயிறு அறுத்து வலது உள்ளங்கை கிழிஞ்சு போச்சுங்க. நான்தான் என்ட லேஞ்சியால கட்டிவிட்டன். தேத்தண்ணிக் கோப்பையும் பிடிக்க ஏலாம இடது கையால குடிச்சான். மத்தியானம் எங்கயோ போயிட்டு வந்தான். வந்து கொஞ்ச நேரத்தால, 'சொண்டு விறைக்குது அலியார், நாக்கும் என்ட நாக்கு மாதிரி இல்ல' எண்டான். நான் சிரிச்சன்."

"குடித்திருந்தாரா?"

"மணக்கல்ல ஐயா."

"மணந்ததா என்று நான் கேட்கவில்லை. குடித்திருந்தாரா என்று கேட்டேன்."

"தெரியா."

அதிகாரி எழுதினார்: குடித்திருக்கக்கூடும்.

பெண்சாதி அருள்மலர் வந்து நின்றாள். முதல்நாள் காலை ஆறரைக்கு அவர் வெறுந்தேத்தண்ணியோடு வீட்டைவிட்டுப் போனதாகச் சொன்னாள். கையில் அப்போது காயம் இல்லை. மரவள்ளிக்கிழங்கு அவித்து, சம்பலும் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். பிறகு கோயில் கூட்டிக் கழுவப் போனவள், ஆள் வந்து செய்தி சொல்லும்வரை கன்னியாஸ்திரிகளோடுதான் இருந்தாள். இவ்வளவையும் கடைக்கு எழுதிக்கொடுத்த சாமானைச் சொல்வதுபோலச் சொன்னாள். அழவில்லை. அழாததை ஊர் கவனித்து வைத்தது.

டொமினிக்கின் தமையன் பேணாட் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார். நகரத்தில் அச்சுக்கூடம் நடத்துகிறவர். பெண்சாதி காலமான பிறகு அச்சுக்கூடத்தின் பின்னறையில் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர்.

"தம்பியை நான் கடைசியாய்க் கண்டது போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையில. பிறகு காணேல்லை" என்று சத்தியம் செய்து சொன்னார். மூக்கைச் சிந்தினார். சபையே உருகியது.

தீர்ப்பு: மாரடைப்பு. சாப்பாட்டுப் பார்சலை ஒரு கான்ஸ்டபிள் பொலிஸ் நிலையத்து நாய்க்கு அவிழ்த்து வைத்தார். நாய் வாழையிலையையும் நக்கிவிட்டு, அதற்குப் பிறகு பல குட்டிகள் போட்டது.

அவ்வளவுதான் வழக்கு.

ஒன்றரை வருடம் போனது. 1964ஆம் ஆண்டின் பின்பாதியில் திருகோணமலைக்கு இலக்கியம் வந்தது.

கொண்டு வந்தவர் சோமசேகரம். அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராய் இருந்து இளைப்பாறியவர். முப்பது வருடம் மற்றவர்களின் விண்ணப்பங்களில் பிழை கண்டுபிடித்த தகைமையை வைத்துக்கொண்டு துப்பறியும் நாவலாசிரியர் ஆனார். புனைபெயர் வச்சிரநேத்திரன். பேணாட் நடத்திய 'துறைமுக முரசு' வாரப்பத்திரிகையில் அவருடைய 'நஞ்சுண்ட நாயகன்' வெள்ளிதோறும் வந்தது. தலைப்பு சின்ன எழுத்தில். வச்சிரநேத்திரன் என்பது பெரிய எழுத்தில். அதற்கும் கீழே, 'திருமலையில் நடந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவியது.'

வழக்கு வந்துவிடக்கூடாது என்று எழுத்தாளர் பெயர்களை மாற்றியிருந்தார். டொமினிக் மாணிக்கவாசகன் ஆனான். அருள்மலர் தில்லைநாயகி ஆனாள். மாதா கோயில் சிவன் கோயிலாயிற்று, செபமாலை உருத்திராட்சமாயிற்று, லோஞ்சு லொறியாயிற்று. கதையில் வருகிற எல்லோர் நெற்றியிலும் அத்தியாயத்துக்கு ஒருமுறை திருநீறு பூசிவிட்டார். அப்படியும் பேப்பரை விரித்த கையோடு ஊருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது.

ஒன்பதாம் அத்தியாயம் வந்தது.

'வெள்ளிக்கிழமை! ஆலயமணி ஓங்கி ஒலித்தது! தில்லைநாயகி என்னும் அந்த நச்சுநாகம், பேத்தை மீனைத் துண்டு துண்டாய் அரிந்து தேங்காய்ப்பாலில் இட்டாள்! கறியோ வெள்ளை! அவள் உள்ளமோ கறுப்பு! ஏதுமறியா மாணிக்கவாசகன் கரண்டியை எடுத்தான். அள்ளி அள்ளி உண்டான்! சற்று நேரத்தில் அவன் இதழ்கள் மரத்தன! நா தடித்தது! அந்தோ!'

பேத்தை என்பது வலையில் வந்தால் மீனவர் மணலில் எறிந்துவிட்டுப் போகிற மீன். தொட்டால் பந்துபோல ஊதும். தின்றால் முதலில் சொண்டு விறைக்கும், பிறகு நாக்கு, பிறகு கை கால். கடைசியில் மூச்சும் விறைத்துப்போகும். ஊருக்கு அலியாரின் சாட்சி ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடம் முழுக்கத் தங்களுக்கும் சந்தேகம் இருந்ததாக எல்லோரும் அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.

அருள்மலர் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். கோயிலில் முதல் நன்மை எடுக்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை தைப்பாள். கொடுத்த துணிகளைச் சனம் திருப்பி வாங்கிக்கொண்டு போனது. வெட்டியதையும் வாங்கிக்கொண்டு போனது. அவள் துணி இல்லாத மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு வைத்தாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தால் மிகவும் எழுச்சியடைந்தவர் பொலிஸ் அத்தியட்சகர். மறு வியாழக்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் ஸைனுலாப்தீனைக் கூப்பிட்டார். பத்திரிகை மேசையில் விரிந்திருந்தது. சிவப்புக் கோடுகள் போட்டிருந்தன.

"இந்த மனுசனுக்கு இருக்கிற மூளை எங்கட நிலையத்தில ஒருத்தருக்கும் இல்லை. விறைப்பு, பேத்தை மீன், பெண்சாதி. எப்பிடிப் பொருந்துது பார்த்தீரோ?"

"பொருந்துது சேர்."

"சனிக்கிழமைக்கிடையில அவளைக் கைது செய்ய வேணும். பிரேதத்தைத் தோண்டவும் மஜிஸ்திரேட்டிட்ட அனுமதி கேக்கிறன்."

"சாட்சி, சேர்?"

"உண்மைச் சம்பவத்தைத் தழுவியது எண்டு போட்டிருக்கே, தெரியேல்லையோ?"

"தெரியுது சேர். இப்ப நாங்க கதையத் தழுவி ஒரு உண்மைச் சம்பவம் செய்யப்போறம்."

அத்தியட்சகர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஸைனுலாப்தீன் கிண்ணியாக்காரர். டொமினிக் செத்த காலத்தில் வேறு ஊரில் வேலை. பழைய விசாரணைக் குறிப்பை வியாழன் பின்னேரம்தான் முதல்முதலாய் வாசித்தார். பிறகு முதல் எட்டு அத்தியாயத்தையும் புரட்டிவிட்டு, ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்தார். குறிப்பையும் அந்த அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குறிப்பில் மீனே இல்லை. கதையில் காயமே இல்லை. வீட்டுக்குப் போய், செத்து மூன்று நாளான மனிதனைப்போல நித்திரை கொண்டார். அவருக்கும் எதுவும் கூர்மையாய் உறைப்பது நின்று சில காலமாயிற்று. இருபது வருடம் பொலிசில் இருந்தால் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அருள்மலர் வீடு.

துறைமுகம் பார்த்த பழைய கல்வீடு. மாமனார் இரண்டு மகன்மாருக்கும் பாதி பாதியாய் எழுதிவிட்டுப் போனது. அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். தான் நின்றாள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ?"

"இப்ப இல்ல. ரெண்டு கேள்வி. அண்டைக்கு நீங்க மீன் சமைச்சனீங்களா?"

"இல்லை. கோயிலுக்கு வெள்ளனப் போகவேண்டியிருந்தது. கிழங்குதான் அவிச்சனான்."

"மற்ற வெள்ளிக்கிழமைகள்ல?"

"மீன்தான். வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டம். வேதக்காறர் வீடு எல்லாத்திலயும் அண்டைக்கு மீன்தான்."

"உங்கட புருசன் கரண்டியாலயா சாப்பிடுறவர்?"

அவள் முதல்தடவையாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்டியோ? கல்யாண வீட்டில கரண்டி குடுத்தாலும் கீழ வைச்சிட்டுக் கையாலதான் பிசைவார். ஏன்?"

"சும்மா. பேணாட் இங்க வாறவரா?"

"அத்தான் முந்தி வருவார். வீட்டை விக்க வேணும், கொழும்பு ஆக்கள் ஹோட்டல் கட்டக் கேக்கினம் எண்டு நிண்டவர். இவர் கடைசிவரைக்கும் கையெழுத்து வைக்கேல்லை. இப்ப இவற்ற பாதி எனக்கு. என்னட்டயும் கேட்டவர். எனக்குப் போக வேற இடமில்லை எண்டனான். பிறகு வாறேல்லை."

"அது எப்ப?"

"கதை தொடங்க முந்தி."

"எந்தக் கதை?"

"பேப்பரில வாற கதை."

ஸைனுலாப்தீன் எழும்பினார். கொலைகாரி என்று தீர்ந்துவிட்டால் செத்தவனின் பாதி இவளுக்குச் சேராது. தமையனுக்குப் போகும். அது சட்டம். ஆனால் ஒருவனுக்கு லாபம் என்பதற்காக அவனைத் தூக்கில் போட ஏலாது. போடலாம் என்றால் திருகோணமலையில் மிஞ்சுகிறவர் சொற்பம்.

"எப்ப கூட்டிக்கொண்டு போவீங்கள்?" என்றாள்.

"பின்னேரம் வந்து சொல்லுறன்."

"சரி" என்றாள். பஸ் நேரம் கேட்டு அறிந்தவள்போல.

காலை பத்து மணி. எழுத்தாளர் சோமசேகரம் வீடு.

பூசை முடித்து, மூன்று குறி துலங்க இருந்தார். சுவரில் அவருக்கு அளித்த வாழ்த்துப்பா கண்ணாடி போட்டுத் தொங்கியது. வாழ்த்துப்பாவை எழுதியதும் அவரே என்பது அச்சுக்கூடத்துக்கு மட்டும் தெரியும்.

"வாரும் இன்ஸ்பெக்டர். அத்தியட்சகர் என்னைப் பற்றிச் சொன்னாராம், கேள்விப்பட்டன். எழுத்தாளன் எண்டவன் ஒரு மூன்றாங்கண். பொலிசுக்கு இருக்கிறது ரெண்டு கண்தானே."

"எங்களில சில பேருக்கு அதுவும் இல்ல ஐயா. அருள்மலரோட கதைச்சுத்தான் எழுதினீங்களா?"

"சீ! அந்தப் பொம்பிளையோட நான் ஒரு நாளும் கதைச்சதில்லை. படைப்பாளிக்குத் தூரம் வேணும்."

"அலியார்?"

"ஆரது?"

"அப்ப பேத்தை மீன் ஆரு சொன்னது?"

சோமசேகரம் கண்ணை மூடினார். ஊற்று எங்கேயென்று தேடுகிறவர்போல நெற்றியைத் தொட்டார்.

"ஒருவரும் சொல்லேல்லை. அது என்ரை கற்பனை. ஒரு பொறி! ஒரு மின்னல்! விடிய எழும்பி எழுதினனான்."

"ஒன்பதாம் அத்தியாயம் முழுக்கவா?"

"ஒரு சொல்லு விடாமல்."

குசினிப் பக்கமிருந்து தாளிதம் மணத்தது.

"இண்டைக்கு வீட்டில என்ன கறி ஐயா?"

"கத்தரிக்காய். கீரை. பருப்பு. ஏன்?"

"மீன் இல்லையா?"

"வெள்ளிக்கிழமையிலயோ!" எழுத்தாளர் இரண்டு காதையும் தொட்டார். "என்ன கதை கதைக்கிறீர்! இந்த வீட்டில வெள்ளிக்கிழமை மீன்சட்டி அடுப்படிக்கே வராது. என்ரை அப்பற்றை காலத்திலயும் வந்ததில்லை."

"தில்லைநாயகி வைச்சிருக்காவே."

"ஆர்?"

ஸைனுலாப்தீன் பத்திரிகையை விரித்து முன்னால் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை. சிவன் கோயில் மணி அடிக்குது. நெத்தியில திருநீறு. அடுப்பில மீன்கறி. மாணிக்கவாசகனும் ஒண்டும் கேக்காமத் திங்கிறான். ஏனடி, வெள்ளிக்கிழமையில மீனா எண்டு ஒரு வார்த்தை கேக்கல்ல."

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு வாசித்தார். அச்சில் அப்படித்தான் இருந்தது.

"இது... நவீன சைவக் குடும்பம்..."

"ஐயா, வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில ஜும்மாவுக்குப் பிறகு இறைச்சி. உங்கட வீட்டில மரக்கறி. வேதக்காறர் வீட்டில மீன். இந்த ஊரில குருடனுக்கும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒழுங்கையில நடந்தா மணத்தை வைச்சு ஆர்ட வீடெண்டு சொல்ல ஏலும். சைவக்காறன் ஒருத்தன் தன்ட மனசால யோசிச்சு எழுதினா, சனிக்கிழமை எண்டு எழுதுவான். இல்லாட்டி பால்ல நஞ்சைப் போடுவான். வெள்ளிக்கிழமை மீனெண்டு எழுத வராது. உங்கட கை எழுதியிருக்கு. ஏனெண்டா நீங்க யோசிக்கல்ல. ஒரு வேதக்காறன் சொன்னதை, அவன் சொன்ன மாதிரியே எழுதிட்டீங்க. கோயிலை மாத்தினீங்க, மாலையை மாத்தினீங்க. சட்டியை மாத்த மறந்திட்டீங்க."

எழுத்தாளர் மூன்று குறிக்குக் கீழே சிவந்தார்.

"என்ரை கற்பனை" என்றார். கொஞ்சம் சின்னக் குரலில்.

"சரி. அடுத்தது கரண்டி."

"கரண்டிக்கு என்ன?"

"சோறும் மீன்பாற்கறியும் கரண்டியால திங்கிற லொறி ட்றைவரை நான் கண்டதில்ல. ஏன் கரண்டி?"

"ஒரு... நாகரிகம்."

"மற்ற எட்டு அத்தியாயத்திலயும் அவன் கையாலதான் திங்கிறான். நாகரிகம் வந்த அண்டைக்கே செத்துப்போறான்."

ஸைனுலாப்தீன் குரலை உயர்த்தவில்லை. களைத்த மனிதர்.

"டொமினிக்குக்கு அண்டைக்குக் காலையில வலது கை கிழிஞ்சது. வீட்டை விட்டுப் போனதுக்குப் பிறகு. மத்தியானம் சோறு பிசைய ஏலாது. அவன் கரண்டியால திண்டிருந்தா, அது காயத்துக்குப் பிறகு, வீடில்லாத வேற ஒரு இடத்தில. அதைக் கண்ணால கண்டவனுக்குத்தான் கரண்டி தெரியும். பெண்சாதிக்குத் தெரியாது. அவ கன்னியாஸ்திரிமாரோட கோயில் கழுவினவ. கட்டிக் குடுத்த பார்சல் அவிழ்க்காமலே கிடந்தது. வேற இடத்தில வயிறு நிறைஞ்சதாலதான். இப்ப நீங்க சொல்லுறீங்க, மீனும் கரண்டியும் உங்கட கற்பனை, ஒருத்தரும் சொல்லல்ல எண்டு. சரி, நான் எழுதிக்கொள்ளுறன். அப்ப அந்த மத்தியானம் டொமினிக்குக்குப் பக்கத்தில இருந்த ஆள் நீங்க."

"நானோ!"

"உங்களுக்குத் தெரிஞ்சது வேற ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கதானே சொன்னீங்க, ஒரு சொல்லு விடாமல் எண்டு. எழும்புங்க ஐயா. சால்வையை எடுங்க. வாழ்த்துப்பா இங்கேயே இருக்கட்டும்."

ஒரு பெண்ணின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே அந்தச் சமயத்தில் இருந்தது வச்சிரநேத்திரனின் புகழ் மட்டுமே. அதை விடுவாரா, பிடிப்பாரா என்பதுதான் கேள்வி. தன் கழுத்து என்று தெரிந்ததும் அவருக்கு யோசனை தேவைப்படவில்லை.

"பேணாட்!" என்றார். "பேணாட் சொன்னது! ஒன்பதாம் அத்தியாயத்துக்கு எனக்கு ஒண்டும் ஓடேல்லை. மூண்டு நாள் வெறும் பேப்பரோட இருந்தனான். பேணாட்தான் கூப்பிட்டு, இப்பிடி எழுதுங்கோ, வெள்ளிக்கிழமை மத்தியானம், பேத்தை மீன், பாற்கறி, கரண்டியால எடுத்து எடுத்துத் திண்டான் எண்டு... நான் ஆச்சரியக்குறி மட்டும் போட்டனான்!"

"வேற?"

"'கறியோ வெள்ளை, உள்ளமோ கறுப்பு' என்னுடையது."

"அதை ஒருத்தரும் உங்களிட்ட இருந்து பறிக்க மாட்டாங்க" என்றார் ஸைனுலாப்தீன்.

காலை பதினொன்றரை. அச்சுக்கூடம்.

பத்தாம் அத்தியாயம் இயந்திரத்தில் ஏறியிருந்தது. பேணாட் மையேறிய விரலோடு வந்தார். எழுத்தாளரைக் கண்டார். சப்-இன்ஸ்பெக்டரைக் கண்டார். வேலையாட்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பினார்.

"அருள்மலரைப் பிடிச்சாச்சோ?"

"இல்ல. மரண விசாரணையில சொன்னீங்க, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு தம்பியைக் காணல்ல எண்டு. சத்தியம் பண்ணிச் சொன்னீங்க."

"ஓம்."

"அப்ப அவர் வெள்ளிக்கிழமை கரண்டியால திண்டது எப்பிடித் தெரியும்?"

பேணாட் எழுத்தாளரைப் பார்த்தார். எழுத்தாளர் அச்சியந்திரத்தின் நுட்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அது இவற்றை கற்பனை."

"அவர் இப்ப கற்பனையில இருந்து இளைப்பாறிட்டார். வாக்குமூலம் தந்திட்டார்."

ஸைனுலாப்தீன் முக்காலியில் இருந்தார். கேட்கிறவருக்கு விளங்கினால் போதும் என்பதுபோல மெதுவாய்ச் சொன்னார்.

"நீங்க சமாதானம் பேச எண்டு தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டீங்க. பின்னறையில. வெள்ளிக்கிழமை எண்டபடியால மீன், அவருக்குச் சந்தேகம் வராது. கையால பிசைய ஏலாம வந்தார். நீங்களே கரண்டி எடுத்துக் குடுத்தீங்க. செத்தார். மாரடைப்பு எண்டு எழுதினாங்க. அதோட விட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா பாதி வீடு பெண்சாதிக்குப் போச்சு. அவ வெளிக்கிடமாட்டா. அவ கொலைகாரி எண்டாத்தான் அந்தப் பாதி உங்களுக்கு. அதுக்கு ஒரு கதை வேணும். கதைக்கு எப்பிடிச் செத்தான் எண்டு வேணும். நீங்க எழுத்தாளர் இல்ல. புதிசா ஒண்டும் உங்களுக்கு ஓடல்ல. கண்டதைச் சொன்னீங்க. பரிமாறின ஆளை மட்டும் மாத்தினீங்க. இவருக்கும் ஓடல்ல, நீங்க சொன்னதை அப்பிடியே எழுதினார். உங்க ரெண்டு பேரில ஒருத்தருக்குக் கொஞ்சம் கற்பனை இருந்திருந்தா, நான் இண்டைக்கு அந்தப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

பேணாட் விரலிலிருந்த மையைத் துணியால் துடைத்தார். மை போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். கோபம், பயம் ஒன்றும் முகத்தில் ஏறவில்லை.

"நல்லாயிருக்கு எண்டு சொன்னவன்" என்றார்.

"ஆர்?"

"தம்பி. நல்லாயிருக்கு அண்ணை, இன்னும் கொஞ்சம் விடுங்கோ எண்டவன்."

"விட்டீங்களா?"

"ஓம்."

கான்ஸ்டபிள் வந்தார். பேணாட் அச்சுக்கூடத்தின் திறப்புக் கோர்வையை எழுத்தாளரிடம் நீட்டினார். எழுத்தாளர் இரண்டு அடி பின்னால் போனார்.

பகல் ஒரு மணிக்குப் பொலிஸ் அத்தியட்சகர் கொழும்புக்குத் தொலைபேசியில் சொன்னார்: "தொடக்கத்திலிருந்தே என் சந்தேகம் தமையனில்தான்." புதைகுழி விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். சோமசேகரம் வீட்டுக்குப் போய்க் கத்தரிக்காய்க் கறியோடு சாப்பிட்டார். சாப்பிட்டு முடியமுன்பே கடைசி அத்தியாயம் அவர் மனதில் தயாராகிவிட்டது. அதில் கொலைகாரனைப் பிடிப்பவர் வச்சிரநேத்திரன் என்றொரு எழுத்தாளர். பொலிஸ்காரர் ஒருவர் கதவைத் திறந்துவிட வருவார்.

பின்னேரம் நாலு மணிக்கு ஸைனுலாப்தீன் அருள்மலர் வீட்டுக்குப் போனார்.

அவள் வெள்ளைச் சேலை உடுத்துக் கதிரையில் இருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவரைக் கண்டதும் எழும்பிச் செருப்பைப் போட்டாள்.

"இருங்க" என்றார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். பேணாட், மீன், கரண்டி, பின்னறை. முழுவதையும் சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் பல்லி ஒன்று போனது. அதையும் பார்த்தாள்.

"அப்ப நான் வரத் தேவையில்லையோ?"

"இல்ல."

"நாளைக்கும் வரமாட்டீங்களோ?"

"மாட்டம். அது முடிஞ்சுது."

துணிப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். திரும்ப எடுத்து மடியில் வைத்தாள்.

"கோழிகளைக் குடுத்திட்டன்" என்றாள்.

"ஆருக்கு?"

"பக்கத்து வீட்டுக் கிறேசுக்கு. காலையில நீங்கள் போனாப்போல. நான் இல்லாட்டி ஆர் தீன் போடுறது? திருப்பிக் கேக்கலாமோ?"

"உங்கட கோழிதானே. கேளுங்க. நானும் வாறன்."

கிறேஸ் வேலிக்கரையிலேயே நின்றாள். பொலிஸ் ஜீப் நிற்கும்போது குசினிக்குள் நிற்க அவளால் ஏலாது. ஒன்பது அத்தியாயத்தையும் ஒழுங்காய் வாங்கி வாசித்தவள்.

"என்ன சேர், கொண்டு போகேல்லையோ?"

"இல்ல. அவ ஒண்டும் செய்யல்ல. செய்தது பேணாட். கோழியத் திருப்பிக் குடுங்க."

கிறேஸ் வாயில் கை வைத்தாள். மாதாவே என்றாள். பேணாட் ஐயாவோ என்றாள். அருள்மலரை மேலும் கீழும் பார்த்தாள். அழுவதற்கு முகத்தைத் தயார்படுத்தினாள். அருள்மலர் கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டை மத்தியானம் அடிச்சிட்டம்" என்றாள் கிறேஸ். "பிள்ளையள் கேட்டதுகள். நீ திரும்பி வரமாட்டாய் எண்டு..."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் அருள்மலர்.

கிறேஸ் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இதைக் குற்றமாய்ப் பதிவார்களோ என்று யோசித்தவள்போல இருந்தது.

"சேர், அப்ப பேப்பர்? அடுத்த கிழமை பேப்பர் வருமோ? கதை நடுவில நிக்குதே."

ஸைனுலாப்தீன் கூட்டுக் கதவை அவரே திறந்துவிட்டார். அருள்மலர் குனிந்து இரண்டு கோழிகளைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கினாள். மூன்றாவதைக் காலில் பிடித்தாள். அது கத்தியது. வேலியைக் கடந்து தன் வளவுக்குள் விட்டாள். மிச்சக் கோழிகளைப் பிடிக்கத் திரும்பி வந்தாள்.